வாடகை வீட்டைத் திருத்த வாடகையே காசு தரட்டும்

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? முதல் வேலையாக வங்கியில் வாடகைக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து விடுங்கள். சம்பளம் வரும் கணக்கிலேயே வாடகையும் விழுந்தால் அது பால்மாவாகவும் ரியூசன் காசாகவும் கரைந்து போகும், அப்புறம் மாரியில் கூரை ஒழுகும்போது நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கு ஓட வேண்டியதுதான். மட்டக்களப்பில் கல்லடியிலோ நாவற்குடாவிலோ ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற பலருடைய கதை இதுதான்.

எவ்வளவு ஒதுக்குவது? நம்முடைய இலங்கை வருமான வரிச் சட்டமே தனிநபரின் வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் திருத்த வேலைக்கும் தேய்மானத்துக்கும் என்று கழித்து விடுகிறது. அதையே வீட்டுக் கணக்குக்கும் அளவாக எடுத்துக்கொள்ளலாம். வாடகை 25,000 ரூபாய் என்றால் மாதம் 6,250, வருடத்துக்கு 75,000. அந்த 75,000 வீட்டினுடைய காசு, உங்களுடையது இல்லை. (இந்தக் கழிவை எடுத்தால் உண்மையான திருத்தச் செலவைத் திரும்பவும் தனியாகக் கழிக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கான வருட வரி விலக்கு 18 இலட்சம் ரூபாய், ஆகவே ஒரு சின்ன வீடு மட்டும் வைத்திருப்பவர் பெரும்பாலும் வரிக்குள் வரமாட்டார். நல்ல சம்பளமும் வாடகையும் சேர்ந்து வருகிறவர்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.)

அட்வான்ஸ் காசு இன்னும் ஆபத்தானது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கைக்கு வரும்போது, வாடகையில் கழிகிற முற்பணம் எது, போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய வைப்புக் காசு எது என்று உடன்படிக்கையிலேயே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியதை எடுத்து மாபிள் பதித்துவிட்டு, இருப்பவர் எழும்பும்போது அடுத்தவரின் அட்வான்ஸை வைத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பது கடன்தான், வட்டி எழுதாத கடன். அடுத்தவர் வர மூன்று மாதம் பிந்தினால் என்ன செய்வீர்கள்? அதை நிலையான வைப்பில் போட்டு வையுங்கள், வட்டி திருத்தக் கணக்குக்குப் போகட்டும்.

சரி, எதைத் திருத்துவது? தண்ணீர் போகிற இடத்தை. கூரை, பீலி, குளியலறை, கக்கூஸ் குழி, இந்த நான்கும் முடியும் வரைக்கும் பெயின்ற் வாளியைத் திறக்கவே வேண்டாம். முகட்டோட்டுச் சாந்து வெடித்து ஒழுகுவதை விட்டுவிட்டு உள்ளே சுவருக்குப் பட்டி பூசினால் அடுத்த தையில் அது செதில் செதிலாக உரியும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புப் பூப்பது தனித் தொல்லை: ஈரத்தோடு உப்பும் மேலேறி வந்து பூச்சைப் பொரியப் பண்ணும், அதற்கு மேலே எவ்வளவு விலையான பெயின்ற் அடித்தாலும் நிற்காது. பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காய விட்டு, ஆற்று மணலில் பூச வேண்டும். மலிவு என்று யாராவது கடற்கரை மணலைக் கொண்டுவந்து பறித்தால் திருப்பி அனுப்புங்கள், உப்பைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் அப்புகிற வேலை அது.

காலமும் காசுதான். ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் கூரையைப் பிரிக்கிற எண்ணமே வேண்டாம், ஆற்றில் வெள்ளம் என்றால் மணல் விலையும் ஏறிவிடும். மாசி, பங்குனியில் கூரை வேலையைத் தொடங்குவது நல்லது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பூச்சு வேலை செய்யலாம், ஆனால் அந்தச் சூட்டுக் காற்றில் சாந்து சட்டென்று உலர்ந்து மயிர்வெடிப்பு விழும், ஒரு கிழமையாவது காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலியையும் கணக்கில் சேருங்கள், யாருமே சேர்ப்பதில்லை.

வேலையைக் கொந்தராத்துக்குக் கொடுப்பதா நாட்சம்பளத்துக்கா என்றால், அளந்து சொல்லக்கூடிய வேலையை, அதாவது பூச்சு, மாபிள், பெயின்ற் போன்றவற்றைச் சதுர அடிக் கணக்கில் கொந்தராத்துக்குக் கொடுங்கள். உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற பைப், பழைய வயரிங் போன்றவற்றை நாட்சம்பளத்துக்கு. சாமான் நீங்களே ஹாட்வெயார் கடையில் வாங்கிக் கொடுங்கள், பற்றுச்சீட்டுத் துண்டும் உங்கள் பெயரில் இருக்கும். மேசன் பாஸ் நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் மூன்றாம் நாள், “சீமெந்து வந்த கையோட குசினியையும் உடைச்சுச் செய்வமா அண்ணன்?” என்று கேட்பார். அடுத்த வருடக் கொப்பியில் எழுதுவோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். மதிப்பிட்ட தொகைக்கு மேலே பத்தில் ஒரு பங்கு, பழைய வீடு என்றால் ஐந்தில் ஒரு பங்கு, கையில் இல்லாமல் கூரையில் ஒரு ஓடுகூடக் கழற்ற வேண்டாம்.

மாபிள் ஆசைக்கு வருவோம். உதாரணமாக 2,40,000 செலவழித்து மாபிள் பதித்தால் வாடகை 25,000 இலிருந்து 28,000 ஆகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 36,000 கூடுதல், போட்ட காசு திரும்ப ஆறு வருடம் எட்டு மாதம். அந்தக் காசை மாதம் 3 வீத வட்டிக்கு எடுத்தீர்கள் என்றால் வட்டியே மாதம் 7,200, கூடிய வாடகையோ 3,000. இப்படி ஒரு கணக்கு உண்டா! 60,000 ரூபாய்க்கு ஒழுக்கை அடைத்து, இருக்கிறவர் எழும்பிப்போய் வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடப்பதைத் தடுத்தால் 50,000 அங்கேயே மிச்சம். வந்தாறுமூலைப் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை அறையாக விடுகிறவர்களுக்கு மாபிளைவிட இன்னொரு குளியலறைதான் வாடகையைக் கொண்டுவரும். விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கிற மாதங்களைக் கழித்துவிட்டுத்தான் அவர்கள் வருட வருமானத்தை எழுத வேண்டும்.

கடன் எடுத்தே ஆகவேண்டும் என்றால் கூரைக்கும் குழிக்கும் மட்டும் எடுங்கள், அதுவும் தவணை வாடகையில் பாதியைத் தாண்டாமல். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன் பக்கம் போகவே வேண்டாம், அது நம்முடைய ஊர்ப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று சொல்லத் தேவையில்லை.

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற அக்காவின் வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு துண்டையும் அன்றன்றே படம் பிடித்து அனுப்புங்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க் கணக்கில் முறிந்த உறவுகளை நாங்கள் பார்க்காததா?

உள்ளூராட்சி சபைக்குக் கட்டுகிற சோலைவரியை ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும், வாடகைக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். இருப்பவர் எழும்பும்போது சாவியை வாங்க முன்னம் அவரோடு சேர்ந்து நின்று கரண்ட் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் வாசித்து, நிலுவையைக் கழித்துக்கொண்டுதான் வைப்புக் காசைக் கொடுக்க வேண்டும்.