முதியோர் தடுமாறாமல் பயன்படுத்தும் செயலித் திரையை வடிவமைப்பது எப்படி?

ஓய்வூதியர்களுக்கான மின்னணு வாழ்நாள் சான்றிதழ்த் திட்டமான ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. கைபேசிக் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்றளிக்கும் வசதி 2021இல் வந்து சேர்ந்தது. ஓய்வூதியம், வங்கி, மின்கட்டணம் என்று முதியோரின் அன்றாட அலுவல்கள் பலவும் இவ்வாறு கைபேசிக்குள் வந்துவிட்ட நிலையில், திரையை வரைபவர் தம் கண்ணையும் விரலையும் அளவுகோலாக வைத்துக்கொள்வது இனிப் பொருந்தாது.

முதலில் கண். வயது ஏறும்போது கண்ணின் பாவை சுருங்குவதாலும் விழிவில்லை மஞ்சள் நிறம் கொள்வதாலும் விழித்திரைக்குச் செல்லும் ஒளி குறைகிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து என்பது வடிவமைப்பாளர்களுக்கு அழகாகத் தோன்றலாம். படிக்க வேண்டியவருக்கு அங்கே எழுத்தே இல்லை. இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளையின்மேல் #999999 என்ற சாம்பல் 2.85 மட்டுமே தருகிறது, #777777கூட 4.48 அளவில் நின்று நூலிழையில் தவறுகிறது. முதியோருக்கான திரையில் 7:1க்குக் கீழே இறங்காமல் இருப்பதே நல்லது.

தமிழ்த் திரைக்கு இன்னொரு கவனமும் வேண்டும். சிறிய அளவில், மெல்லிய எழுத்துருவில், 'க்' என்பதன் புள்ளி மறைந்து 'க' ஆகிவிடும். 'கி', 'கீ' இரண்டையும் பிரித்துக் காட்டும் சிறு சுழி கரைந்துவிடும். ஆகவே எழுத்தைப் பெரிதாக்குவதோடு தடிமனையும் சற்றுக் கூட்டி, மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் மோதாதபடி வரி இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது என்பதால், பொத்தானின் அகலத்தைத் தமிழ்ச் சொல்லை இட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

விரலைப் பொறுத்தவரை, தொடவேண்டிய பொத்தானின் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி (திரை அளவு அலகு), அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர், என்பதைக் கீழ்வரம்பாகக் கொள்ளுங்கள். கை நடுங்குபவர் தொடுவது அழுத்திப் பிடிப்பதாகப் பதிவாகிவிடக்கூடும். எனவே எந்த முக்கிய வேலையையும் அழுத்திப் பிடிப்பதிலோ ஓரமாக இழுப்பதிலோ ஒளித்து வைக்காதீர்கள். மூன்று கோடுகள் மட்டும் கொண்ட படக்குறியின் அருகே 'பட்டியல்' என்று எழுதிவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை.

பெரும்பாலோர் தோற்று நிற்கும் இடம் ஓடிபி. குறுஞ்செய்தி திரையின் மேற்பகுதியில் சில நொடிகள் தோன்றி மறைகிறது. கண்ணாடியைத் தேடி எடுத்து, செய்திப் பெட்டிக்குச் சென்று, 6 இலக்கங்களை மனத்தில் நிறுத்தித் திரும்பினால், செயலி முகப்புப் பக்கத்துக்குப் போயிருக்கிறது அல்லது நேரம் முடிந்துவிட்டது. ஆறு தனித்தனிக் கட்டங்களுக்குப் பதிலாக ஒரே அகலமான கட்டத்தை வையுங்கள். எண்ணைச் செயலியே நிரப்பிக்கொள்ளவும், முடியாதபோது நகலெடுத்து ஒட்டவும் இடம் கொடுங்கள். அவர் வெளியே சென்று திரும்பும்வரை பக்கமும் அதில் நிரப்பியவையும் அப்படியே இருக்க வேண்டும். நேரம் முடியுமுன் 'இன்னும் நேரம் வேண்டுமா?' என்று கேட்டு, பதில் சொல்லக் குறைந்தது 20 நொடியாவது விடுங்கள்.

'எதையாவது தொட்டுப் பணம் போய்விட்டால்?' என்ற அச்சம் எழுத்தளவைவிடப் பெரிய தடை என்பது என் கருத்து. இதற்குப் பயிற்சிக் காணொளி மருந்தாகாது. பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரையும் தொகையையும் பெரிய எழுத்தில் காட்டி, 'அனுப்புங்கள்', 'திரும்பிச் செல்லுங்கள்' ஆகிய இரண்டையும் நன்றாகத் தள்ளி வையுங்கள். பிழை நேர்ந்தால் 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் மிரட்டாமல், 'கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொல்லி, மற்ற கட்டங்களில் நிரப்பியதை அழியாமல் காப்பாற்றுங்கள்.

சோதனையை அலுவலகத்தின் புதுக் கைபேசியில் செய்யாமல், முதியவரின் சொந்தக் கைபேசியிலேயே செய்யுங்கள். அவர் எழுத்தளவைக் கூட்டியிருப்பார். ஆண்ட்ராய்டு 14 முதல் 200 விழுக்காடுவரை கூட்டலாம் என்பதால், அந்த அளவில் பொத்தான்கள் திரைக்கு வெளியே தள்ளப்படுகின்றனவா என்பது அங்கேதான் தெரியும். வேலையைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். கைபேசியை வாங்கி நீங்களே செய்து காட்டாதீர்கள். அவர் விரல் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறதோ, அந்தத் திரையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.