கேமல் கேஸா, ஸ்நேக் கேஸா? பெயரிடும் விதிகளில் டீம்கள் சறுக்கும் இடங்கள்

பலர் சேர்ந்து எழுதும் கோடில் எப்படிப் பெயர் வைப்பது என்று பேச உட்கார்ந்தால், பாதி நேரம் கேமல் கேஸா (சொற்களை ஒட்டி, அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்குவது) ஸ்நேக் கேஸா (சிறிய எழுத்துச் சொற்களை அண்டர்ஸ்கோரால் இணைப்பது) என்ற வாதத்திலேயே கரைந்துவிடும். முதல் தவறு அதுதான். அந்த வழக்கில் மொழியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பைத்தானுக்கு 2001-லேயே பெப் 8 என்ற நடை வழிகாட்டி வந்துவிட்டது: ஃபங்ஷனுக்கும் வேரியபிளுக்கும் சிறிய எழுத்தும் அண்டர்ஸ்கோரும், கிளாஸுக்கு ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிதாக. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் கேமல் கேஸ். கோ மொழியில் இது வெறும் வழக்கம்கூட இல்லை. பெயரின் முதலெழுத்து பெரிதாக இருந்தால்தான் அது பேக்கேஜுக்கு வெளியே தெரியும். மொழியின் வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தைச் சொற்களுக்குக் கொடுங்கள்.

ஒரு பொருளுக்கு நான்கு சொல்

கஸ்டமர், கிளையன்ட், யூசர், அக்கவுன்ட். நான்கும் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா? பில்லிங் பகுதியை எழுதியவருக்கு கஸ்டமர்_ஐடி என்றால் பணம் கட்டும் நிறுவனம். லாகின் பகுதியை எழுதியவருக்கு அதே கஸ்டமர்_ஐடி உள்ளே நுழையும் தனிநபர். இரண்டும் முழு எண். அதனால் கம்பைலர் எதையும் கண்டுகொள்ளாது, டெஸ்ட்டிலும் சிக்காமல் போகலாம். இரண்டு பகுதிகளின் டேட்டாபேஸ் டேபிளையும் இந்த ஐடியால் ஜாயின் செய்தால் வரிகள் வரும், தவறான வரிகள். எரர் காட்டாத பிழை என்பதால்தான் இது இவ்வளவு ஆபத்து.

இதைத் தடுக்க ரெப்போவுக்குள்ளேயே (கோடு இருக்கும் களஞ்சியம்) ஒரு சொற்பட்டியல் ஃபைல் போதும். ஒரு வரிக்கு மூன்று விஷயம்: சொல், அதன் பொருள், அதற்குப் பதிலாக எழுதக்கூடாத சொற்கள். முப்பது வரியில் தொடங்கலாம். வினைச்சொற்களையும் அதில் சேருங்கள். கெட், ஃபைண்ட், ஃபெட்ச் மூன்றும் அவரவர் விருப்பப்படி புழங்கினால், அழைப்பவருக்கு என்ன திரும்பி வரும் என்பதே தெரியாது. கெட் என்றால் கிடைக்காதபோது எரர், ஃபைண்ட் என்றால் நல் (மதிப்பு இல்லை என்ற குறி), ஃபெட்ச் என்றால் நெட்வொர்க்குக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு மாதிரி வைத்தாலும் சரி. எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அலகைச் சேருங்கள், டைப்பைச் சேர்க்காதீர்கள்

கான்ஃபிக் ஃபைலில் டைம்அவுட் = 30 என்று ஒரு வரி. பைத்தானின் ஸ்லீப் ஃபங்ஷன் நொடியில் எண்ணும், ஜாவாஸ்கிரிப்ட்டின் செட்டைம்அவுட் மில்லிநொடியில் எண்ணும். ஒரே எண்ணை இரண்டு பக்கமும் படித்தால், ஒரு பக்கம் அரை நிமிடம் காத்திருக்கும், மறுபக்கம் கண் இமைக்கும் முன்பே கைவிட்டுவிடும். டைம்அவுட்_எம்எஸ் என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. நேரம், அளவு, பணம் மூன்றுக்கும் அலகு பெயரிலேயே இருப்பது நல்லது.

டைப், அதாவது மதிப்பின் வகை, விஷயம் வேறு. விண்டோஸின் டபிள்யூபேரம் என்ற பெயரில் உள்ள டபிள்யூ, 16 பிட் வேர்டு என்பதைக் குறிக்க வந்தது. பிறகு அது 32 பிட் ஆயிற்று, 64 பிட்டும் ஆயிற்று. முன்னெழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. டைப் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும்.

சுருக்கெழுத்துகளுக்கும் ஒரே விதி வையுங்கள். எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற ஒரே பெயருக்குள் எக்ஸ்எம்எல் முழுவதும் பெரிய எழுத்து, ஹெச்டிடிபி-யில் முதலெழுத்து மட்டும் பெரிது. இப்படிக் கலந்து வைத்தால் தானியங்கி மாற்றிகளும் தடுமாறும். ஐ, டி இரண்டும் பெரிய எழுத்தாக உள்ள யூசர்ஐடி, ஸ்நேக் கேஸுக்கு மாறும்போது சில இடங்களில் யூசர்_ஐ_டி ஆகிவிடும்.

லேப்டாப்பில் ஓடும், சர்வரில் ஓடாது

பட்டன் என்ற ஃபைலின் முதலெழுத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக மாற்றினால், மேக்கிலும் விண்டோஸிலும் இயல்பு அமைப்பில், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் அதைக் கவனிக்காது. புதிய பெயரில் எழுதிய இம்போர்ட் அங்கே ஓடும். பெரிய, சிறிய எழுத்தை வேறுபடுத்தும் லினக்ஸ் சர்வரில் பில்டு உடையும். ஃபைல் பெயர் எல்லாம் சிறிய எழுத்தில் என்று விதி வைத்தால் இந்தத் தொல்லை வராது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், கிட் எம்வி கட்டளையால் முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கும், பிறகு சரியான பெயருக்கும் மாற்றுங்கள்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் இதன் உறவுக்காரப் பிழை ஒன்று உண்டு. மேற்கோள் குறி இல்லாத பெயரை அது சிறிய எழுத்தாக்கிவிடும். ஓஆர்எம் (கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே நிற்கும் லைப்ரரி) மேற்கோளுக்குள் கேமல் கேஸில் ஃபீல்டை உருவாக்கியிருந்தால், கையால் எழுதும் கொயரி அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்று திரும்பும். டேட்டாபேஸுக்கு ஸ்நேக் கேஸ், மாற்றும் வேலை ஒரே ஒரு லேயரில் என்பதே பாதுகாப்பு.

விதியை விக்கியில் எழுதிவிட்டு மறப்பது

ரிவ்யூவில் மனிதர்கள் பெயருக்காகச் சண்டை போடக்கூடாது. அது லின்டரின், அதாவது கோடைத் தானாகச் சரிபார்க்கும் கருவியின், வேலை. பைத்தானுக்கு ரஃப் என்ற லின்டரில், என் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெயரிடும் விதிகள் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டின் இஎஸ்லின்ட்டில் ஐடி-டினைலிஸ்ட் என்ற விதியில், சொற்பட்டியலில் விலக்கிய சொற்களைக் கொடுத்துவிடலாம். ஆனால் அது முழுப்பெயராக வந்தால்தான் பிடிக்கும். நீண்ட பெயருக்குள் ஒளிந்திருப்பதைப் பிடிக்க, ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் ஒரு தேடல் ஸ்கிரிப்ட் வேண்டும்.

பழைய கோடை ஒரே நாளில் மாற்றிவிடும் ஆசை வரும். மாற்றினால், திறந்திருக்கும் பிராஞ்ச்களிலெல்லாம் மெர்ஜ் கான்ஃபிளிக்ட்தான். ஒரு மாட்யூலை எடுத்து, பெயர் மாற்றத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத தனி கமிட்டாக (கிட்டில் ஒரு தனிப் பதிவாக) போடுங்கள். அந்த கமிட்டின் ஹாஷை (அதன் அடையாளக் குறியீட்டை) ஒரு ஃபைலில் குறித்து, பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் அமைப்பில் அந்த ஃபைலைக் காட்டினால், கிட் 2.23-லிருந்து, எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று சொல்லும் கிட் பிளேம் கட்டளை அந்த கமிட்டைத் தாண்டி, வரியை உண்மையில் எழுதியவரைக் காட்டும்.

வெளியே போய்விட்ட பெயர்களுக்கு இது பொருந்தாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும், ஹெச்டிடிபி-யின் ரெஃபரர் ஹெடரில் ஓர் எழுத்து விடுபட்ட ஸ்பெல்லிங் 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற ஹெச்டிடிபி ஆவணத்திலேயே ஏறிவிட்டது, இன்றும் அப்படியே இருக்கிறது. டேட்டாபேஸ் ஃபீல்டு என்றால் ஐந்து படிகள்: புதிய ஃபீல்டைச் சேர்ப்பது, இரண்டிலும் எழுதுவது, பழைய வரிகளின் மதிப்பை நகலெடுப்பது, படிப்பதைப் புதியதற்கு மாற்றுவது, கடைசியில் பழையதில் எழுதுவதை நிறுத்தி அதை நீக்குவது. ஒவ்வொன்றும் தனித்தனி டிப்ளாய். நீக்குவதற்கு முன், ரிப்போர்ட் எடுக்கும் ஸ்கிரிப்ட்களில் பழைய பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். அவை பெரும்பாலும் வேறு ரெப்போவில் இருக்கும்.