ஏசா, யாக்கோபு சண்டையை வீட்டு ஜெபக்கூட்டத்தில் படிப்பது எப்படி

ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளில் இளையவன் யாக்கோபு, தாய் ரெபெக்காள் சொன்னபடி தகப்பனை ஏமாற்றி, அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தைப் பறித்துக்கொண்டு, தாய்மாமன் லாபான் வீட்டுக்கு ஓடிப்போன கதை இது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போகிறவர்கள் இரவு ஒன்பதரைக்கு மேல் உட்கார முடியாது. அதனால் மூன்று வாரமாகப் பிரியுங்கள்: முதல் வாரம் ஆதியாகமம் 25:19-34, 27, அடுத்து 29, 31, கடைசியாக 32, 33.

27-ஆம் அதிகாரத்துக்கு 5 பேர் வேண்டும்: ஈசாக்கு, ரெபெக்காள், ஏசா, யாக்கோபு, கதை வாசிப்பவர். நடுவில் 2 நாற்காலி போதும். எந்தக் காட்சியிலும் இருவர்தான் பேசுகிறார்கள். ஒட்டுக்கேட்கும் ரெபெக்காள் வாசலோரம் நிற்கட்டும். அண்ணனும் தம்பியும் அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. தாயும் ஏசாவும் அப்படித்தான். இதை நீங்கள் சொல்லவே வேண்டாம், நாற்காலியே காட்டிவிடும். 34-ஆம் வசனத்தில் ஏசா அலறியதும் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் இருங்கள். ஆறுதல் சொல்ல அவசரப்படுகிறவரைக் கையமர்த்துங்கள்.

பாடம் தடம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான்: "மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று தேவனே சொன்னாரே, பொய் சொன்னால் என்ன?" என்று ஒருவர் கேட்பார். வாக்கு 25:23-இல் இருக்கிறது. ஏமாற்றச் சொன்ன கட்டளை எங்கும் இல்லை. பதிலை 29:25 வரை தள்ளிவையுங்கள். அங்கே பெண்ணை மாற்றிக் கொடுத்த லாபானிடம் யாக்கோபு வஞ்சகம் என்று முறையிடும் எபிரெயச் சொல்லும், 27:35-இல் ஈசாக்கு சொல்லும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வேதம் பிரசங்கம் செய்யாமல் தீர்ப்புச் சொல்லும் விதம் இது. தகப்பனை ஆட்டுத்தோலாலும் அண்ணன் உடுப்பாலும் ஏமாற்றியவனைப் பிற்பாடு, 37-இல், பிள்ளைகள் ஆட்டு இரத்தத்தாலும் தம்பி யோசேப்பின் அங்கியாலும் ஏமாற்றுகிறார்கள்.

லாபானிடம் "சிலநாள்" இருந்துவிட்டு வா என்றாள் தாய் (27:44). ஆனது 20 வருஷம்.

வீடு யார் பேரில், சேமநிதிப் பணம் யாருக்கு என்ற பேச்சு கட்டாயம் எழும். கூட்டத்தில் உள்ளவர் குடும்பத்தைப் பேர் சொல்லி இழுக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லாருக்கும் எல்லாம் தெரியும், காயம் ஆறாது.

மூன்றாம் வாரம் ஊர் திரும்பும் யாக்கோபு ஏசாவைச் சமாதானப்படுத்த அனுப்பும், 32:14-15-இல் உள்ள உருப்படிகளை அட்டையில் எழுதிக் கூட்டுங்கள்: ஆடுகள் 440, ஒட்டகம் 30, மாடு 50, கழுதை 30, குட்டி ஒட்டகங்களை விட்டு 550. மாடு வளர்ப்பவர் இருந்தால் இன்றைய விலை கேளுங்கள். 33:11-இல் காணிக்கை என்று நாம் வாசிப்பது எபிரெயத்தில் "பெராகா", ஆசீர்வாதம். பறித்த சொல்லையே திருப்பிக் கொடுக்கிறான்.

அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவியதோடு முடிக்காதீர்கள். ஏசா குடியிருக்கும் சேயீருக்கு வருவேன் என்ற யாக்கோபு சுக்கோத்துக்குப் போகிறான் (33:14, 17). பிறகு 35:29-ஐ மெதுவாக வாசியுங்கள்: ஈசாக்கை ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து அடக்கம் செய்கிறார்கள். அதோடு வேதத்தை மூடி ஜெபத்துக்குப் போங்கள்.