ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளில் செயின் லைன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ரோடு சைக்கிளில் டிராக் ஹப் (பற்சக்கரம் தனியாகச் சுழலாமல் சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும் நடுப்பகுதி) கோத்த பின்சக்கரத்தை மாட்டி அதை ஃபிக்ஸ்டு கியராக மாற்றுகிறவர்கள், செயின் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு அது நேராக ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. கியர் மாற்றும் சைக்கிளில் செயின் சற்றுச் சாய்ந்து ஓடுவது இயல்பே. மிதிப்பதை நிறுத்தினால் அங்கே செயினும் நின்றுவிடும். ஃபிக்ஸ்டு கியரிலோ சக்கரம் உருளும்வரை செயினும் ஓடிக்கொண்டே இருக்கும். அது கழன்று பின் பற்சக்கரத்தின் ஓரத்தில் சிக்கிக்கொண்டால், பின்சக்கரம் ஓடுகிற வேகத்திலேயே பூட்டிக்கொள்ளக்கூடும்.

முதல் தவறு, சைக்கிளின் பின்னால் குந்தி ஒற்றைக் கண்ணால் பார்த்து, "நேராகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டுவது. 2 அல்லது 3 மி.மீ. விலகலைக் கண் பிடிக்காது. வெர்னியர் காலிப்பர் பிடிக்கும். ஃபிரேமின் மையக்கோட்டிலிருந்து பல்லின் நடுவரை உள்ள தூரம்தான் செயின் லைன், அது முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். டிராக் உதிரிபாகங்களில் இது பெரும்பாலும் 42 மி.மீ. முன்பக்கம், சீட் குழாயின் வெளிப்பரப்பிலிருந்து முன் பற்சக்கரத்துப் பல்லின் நடுவரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும், குழாய் 28.6 மி.மீ. என்றால் கூட்ட வேண்டியது 14.3. பின்பக்கம், ஹப்பின் இரு முனைகளிலும் ஃபிரேமை ஒட்டி நிற்கும் லாக் நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை எடுத்து, வலது லாக் நட்டின் வெளிமுகத்திலிருந்து பல்லின் நடுவரை உள்ள தூரத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். 120 மி.மீ. டிராக் ஹப்பில் அந்தத் தூரம் 18 என்றால், 60-இல் 18 போக 42.

அதிகம் பேர் சறுக்குவது, இடைவெளியை நிரப்பப் போடும் வளையமான ஸ்பேசரில்தான். பழைய ரோடு ஃபிரேம்கள் பலவற்றில் பின்பக்க இடைவெளி 126 மி.மீ. என்பதால், 120 மி.மீ. ஹப்பை அதில் பொருத்த 6 மி.மீ. ஸ்பேசர் தேவைப்படுகிறது. பக்கத்துக்கு 3 மி.மீ. என்று பிரித்துப் போட்டால் செயின் லைன் 42-லேயே நிற்கும். கையில் கிடைத்த 6 மி.மீ. ஸ்பேசரை இடப்பக்கம் மட்டும் போட்டால், பாதி அகலம் 63 ஆகிவிட, வலப்பக்கத்து 18 மாறாததால் செயின் லைன் 45-க்குப் போய்விடும். வலப்பக்கம் மட்டும் போட்டால் 39-க்கு இறங்கும். இரண்டிலும் ரிம் நடுவிலிருந்து 3 மி.மீ. விலகுவதால், கடையில் கொடுத்து ஸ்போக்குகளை இறுக்கித் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவரும் வீண்வேலையும் சேர்ந்துகொள்ளும்.

பின்பக்கம் சரியாக 42 காட்டும்போதும் குறையை அங்கேயே தேடிக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. இரண்டு பற்சக்கரம் கொண்ட ரோடு கிராங்கில் வெளிப்பக்க இடத்தில் பற்சக்கரத்தை மாட்டினால் செயின் லைன் 46 மி.மீ.க்கு அருகில் வரும். உள்பக்க இடத்துக்கு மாற்றினாலே 41-ஐ ஒட்டி வந்துவிடும், பின்சக்கர அச்சை நோக்கிப் போகும் செயின் ஸ்டே குழாயில் பல் உரசவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் பாட்டம் பிராக்கெட் அச்சை மாற்றுவதானால், இருபுறமும் சமமாக நீளும் அச்சில் 4 மி.மீ. கூடினால் செயின் லைன் 2 மி.மீ.தான் நகரும் என்பதை மறந்து நான்கையும் கணக்கில் எடுப்பவர்கள் உண்டு. சதுர முனை அச்சுகளில் ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று இரண்டு அளவுமுறைகள் இருக்கின்றன. ஒன்றுக்கான கிராங்கை மற்றொன்றில் ஏற்றினால் அது பல மி.மீ. தள்ளியே உட்காரும், அச்சின் மீது எழுதியிருக்கும் நீளத்தை நம்பிப் போட்ட கணக்கு அப்போது பொய்த்துவிடும்.

செய்யவே கூடாத ஒன்று, திருகி ஏற்றும் பின் பற்சக்கரத்துக்குப் பின்னால் தடித்த வாஷரைப் போட்டு அதை வெளியே தள்ளுவது. அப்படிச் செய்தால் பற்சக்கரம் பிடிக்கும் மரை குறைகிறது. அதன்மேல் இடப்புறமாகத் திருகி இறுக்கும் லாக் ரிங்குக்கும் மரை போதாமல் போகிறது. பெடலைப் பின்னோக்கி அழுத்தி வேகம் குறைக்கும் சைக்கிளில் அந்த மரை முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியது. அது அறுந்தால் காலால் பிடிக்கும் பிரேக் மொத்தமும் போய்விடும்.

அளவெடுக்கும் முன்பே இரண்டு சோதனைகளை முடித்துவிடுவது நல்லது. கிராங்கைச் சுற்றும்போது முன் பற்சக்கரம் ஒரு சுற்றுக்குள் உள்ளும் வெளியுமாக ஆடினால் அது வளைந்த பற்சக்கரம், செயின் லைன் கோளாறு அல்ல. நட்டை இறுக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாலும் அளவு தவறும். டயருக்கு இருபுறமும் செயின் ஸ்டேவின் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றவிட்டபடியே துணியால் செயினைத் துடைப்பதோ விரலால் தொட்டுப் பார்ப்பதோ கூடவே கூடாது. விரல் பல்லில் மாட்டிய பிறகும் சக்கரம் நிற்காது.

சத்தமில்லை என்பதை வைத்தும் தேறிவிட்டதாக நினைக்க வேண்டாம். கியர் சைக்கிளுக்கான 3/32 அங்குலச் செயின் பக்கவாட்டில் வளைந்துகொடுப்பதால் விலகலை ஓசையில்லாமல் மறைத்துவிடும். தடித்த 1/8 அங்குலச் செயின்தான் முதலில் கரகரக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் 1 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் அதற்குமேல் துரத்த வேண்டியதில்லை, 2 மி.மீ.யைத் தாண்டினால் ஸ்பேசரிலிருந்து கணக்கை மறுபடி தொடங்குங்கள்.