முறுக்கு விற்க மலாய்க் கடிதம்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முறுக்கு விற்கும் எனக்கு மலாய்க் கடிதம் என்றாலே தலைவலி. இப்போது சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தருகிறது. "கடிதம் எழுது" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். யாருக்கு, எதற்கு, என்ன விலை, எவ்வளவு மரியாதை என்பதையெல்லாம் தமிழிலேயே தட்டுங்கள்: "பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவருக்கு மலாயில் ஐந்து வரி, பொட்டலம் 2 ரிங்கிட், 'துவான்' என்று விளித்து எழுது."

அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து அடுக்கும் கருவி அது. தெரியாததையும் கூசாமல் எழுதிவிடும். நீங்கள் சொல்லாத 'ஹலால்' உள்ளே நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) சான்றிதழ் இல்லாமல் அப்படிப் போட்டால் வம்புதான். வாடிக்கையாளரின் மைகாட் (அடையாள அட்டை) எண்ணையும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

அனுப்பும் முன் மலாய் நன்றாகத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டுங்கள். கூலிக்கு முறுக்கு போதும், உடைந்ததைக் கொடுத்துவிடாதீர்கள்.