சர்ச்சையான நாவலைப் படித்துவிட்டுச் சொந்தமாகக் கருத்து சொல்வது எப்படி?

பொன்னியின் செல்வன் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னால் பெரியவர்கள் முறைக்கிறார்கள். மாதொருபாகன் பிடித்திருக்கிறது என்று சொன்னால் "அந்த மாதிரிப் புத்தகமெல்லாமா படிக்கிறே?" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டே என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் நாவல் படித்தாலும் வாய் திறப்பதில்லை, திறந்தாலும் யூடியூபில் யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இருபது வயதில் ஒருவர் படித்துவிட்டுச் சொல்கிற கருத்துக்கும் மதிப்பு உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை: "ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்டால் நாவலைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்ட முடிய வேண்டும். அந்தப் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

படிக்கத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே விஷயம். நாவல் எந்த வருடம் வந்தது, பத்திரிகையில் தொடராக வந்ததா நேராகப் புத்தகமாக வந்ததா. அதற்கு மேல் எதையும் தேடாதீர்கள். முன்னுரை, பின்னட்டை, விமர்சனம் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முன்னுரையிலேயே கதையின் முடிவைப் போட்டு உடைக்கிற பதிப்புகள் நிறைய இருக்கின்றன.

தொடரா, புத்தகமா என்று பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை கல்கி வார இதழில் வந்த தொடர். அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவர்களுக்கு எழுதப்பட்டது என்பதால்தான் பல அத்தியாயங்கள் ஏதோ ஒரு கேள்வியில், ஒரு காலடிச் சத்தத்தில், இருட்டில் தெரியும் ஓர் உருவத்தில் போய் முடிகின்றன. ஐந்து பாகத்தையும் விடுமுறையில் ஒரே மூச்சில் படித்தால் அந்த உத்தி சலித்துவிடும், "சும்மா இழுக்கிறார்" என்று தோன்றும். தினம் நாலைந்து அத்தியாயம் என்று படித்துப் பாருங்கள், அதே உத்தி நன்றாக வேலை செய்யும். (கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதனால் காசு ஒரு தடையில்லை.)

அப்புறம் பென்சில். நூலகப் புத்தகம் என்றால் பென்சிலைத் தொடாமல் சின்னக் காகிதத் துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து அழகாக இருக்கும் வரிகளை மட்டும் குறிப்பவர்கள்தான் அதிகம், அது போதாது. எரிச்சல் வந்த இடம், போனை எடுத்த இடம், "இவன் ஏன் இப்படிப் பண்றான்" என்று தோன்றிய இடம், இதையெல்லாமும் குறிக்க வேண்டும். உங்கள் கருத்து அந்த இடங்களிலிருந்துதான் வரப்போகிறது.

பொன்னியின் செல்வனில் நான் குறித்து வைத்ததைச் சொல்கிறேன். தொடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான், கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் சோழநாட்டின் செல்வாக்கான சிற்றரசர் பழுவேட்டரையரின் பரிவாரம் வந்து அதன் வீரர்கள் இவனை வம்புக்கு இழுக்கிறார்கள். சோழநாட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது ஒரு பாடமும் நடத்தாமலேயே நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் பின்னாளில் ராஜராஜ சோழனாகப்போகிற அருள்மொழிவர்மன் வருகிற பக்கங்களில் என் துண்டுகள் குறைந்துகொண்டே போயின. அவனிடம் குறையே இல்லை, எல்லாரும் அவனைப் புகழ்கிறார்கள், அவன் எடுக்கிற முடிவு எப்போதும் சரியாக இருக்கிறது. வந்தியத்தேவன் அப்படியில்லை, அவசரப்படுகிறான், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறான், அதனால்தான் அவன் பின்னால் இரண்டாயிரம் பக்கம் போக முடிகிறது. என்னைக் கேட்டால் நாவலின் பெயர் அருள்மொழியைச் சொன்னாலும் நாவல் பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினிக்குச் சொந்தம். அவள் வரும்போது மட்டும்தான் அடுத்து என்ன நடக்கும் என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாமல் இருந்தது. இதை ஒருவர் மறுக்கலாம், தாராளமாக மறுக்கட்டும், ஆனால் மறுக்கும்போது அவரும் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.

வரலாற்று நாவல் என்றால் கூடவே ஒரு சண்டையும் வந்துவிடும்: இது நடந்ததா, இல்லையா? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் உள்ளிட்ட சகோதரர்களின் பெயரைச் சொல்கிறது. நந்தினி அதில் இல்லை, அவள் கல்கியின் கற்பனை. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கற்பனை என்பதற்காக நாவலைக் குறை சொல்லாதீர்கள், நாவலில் இருக்கிறது என்பதற்காக வரலாறு என்றும் வாதாடாதீர்கள். 2022, 2023-இல் வந்த இரண்டு படங்களையும் இந்தப் பேச்சிலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. படத்தில் பிடிக்காததை நாவல் மேல் ஏற்றிப் பேசுகிறவர்கள் நிறைய.

இதெல்லாம் எல்லாருக்கும் பிடித்த நாவல் விஷயம். எதிர்ப்பு கிளம்பிய நாவலைப் படிக்கும்போது வேலை கூடுகிறது, ஏனென்றால் சண்டையின் சத்தம் நாவலுக்கு முன்பே நம் காதுக்கு வந்துவிடுகிறது.

மாதொருபாகனையே எடுத்துக்கொள்வோம். பெருமாள்முருகன் எழுதிய இந்த நாவல் 2010-இல் வந்தது. நாலு வருடம் பெரிய சத்தமில்லை. 2014 டிசம்பரில், கதை நடக்கும் ஊரான திருச்செங்கோட்டில் போராட்டம் வெடித்தது, தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் விநியோகிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது, அதன் பிறகு அவர் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று முகநூலில் எழுதிவிட்டு எழுத்தை நிறுத்தினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. படிப்பதும் படிக்காததும் வாசகர் விருப்பம், பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கி எறியலாம் என்பது அதில் ஒரு பகுதி, அவர் மீண்டும் எழுத வரட்டும் என்பது இன்னொரு பகுதி.

அந்த நகலெடுத்த பக்கங்களை நினைத்துப் பாருங்கள். முழு நாவலையும் படித்தவர் கையில் அந்தப் பக்கங்களுக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் உண்டு. நகலை மட்டும் வாங்கியவர் கையில் அது கிடையாது. நாவலில் காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகக் குழந்தை இல்லை. அந்தக் காலத்துத் தேர்த்திருவிழாவின் ஓர் இரவில் குழந்தையில்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆணோடு சேரலாம், பிறக்கும் குழந்தை சாமி கொடுத்தது என்று ஒரு வழக்கம் கதையில் வருகிறது. எதிர்ப்பு இதற்குத்தான். "பெண்களைக் கேவலப்படுத்துகிற நாவல்" என்றார்கள்.

சரி, அந்தக் குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு நாவலுக்குள் போங்கள். பொன்னா குழந்தைக்காகத் திருச்செங்கோட்டு மலையில் வறடிக்கல்லைச் சுற்றுகிறாள். கால் வைக்கக்கூடச் சரியாக இடமில்லாத பாறை விளிம்பு, கொஞ்சம் தவறினாலும் உயிர் போகும். ஊரில் விசேஷ வீடுகளில் அவளுக்குக் கிடைக்கிற பேச்சையும் நாவல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறது. அப்புறம் முக்கியமான இடம்: திருவிழாவுக்குப் போகக் காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் அவளுடைய அண்ணன் முத்துவே பொய் சொல்கிறான். அவள் நம்பித்தான் போகிறாள். காளியோ மனதளவில் அதற்குச் சம்மதிக்கவே இல்லை, அன்று இரவு முத்து அவனைக் குடிக்க அழைத்துக்கொண்டு போய்விடுகிறான். இவ்வளவும் தெரிந்தபின் அந்தத் திருவிழா இரவைப் படித்தால் எனக்குக் கோபம் வந்தது பொன்னா மேல் இல்லை, எழுதியவர் மேலும் இல்லை. குழந்தை இல்லை என்பதற்காக ஒருத்தியை விளிம்பு வரைக்கும் தள்ளிய ஊர் மேலும் குடும்பத்தின் மேலும்தான். நாவல் அவளைக் கேவலப்படுத்தவில்லை என்று நான் சொல்வதற்கு இந்தப் பக்கங்கள்தான் ஆதாரம். ஒரு குறையும் உண்டு: பல காட்சிகளில் காளியின் மனசுக்குள் போகிற ஆழத்துக்குப் பொன்னாவின் மனசுக்குள் போகவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. பிடித்த நாவல் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

எதிர்க்கிறவர்கள் எப்போதும் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை வைத்து எழுதப்பட்டது. 1977-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. அதில் நிலச்சுவான்தாரின் கொடூரத்துக்குப் பின்னால் அவருடைய ஆண்மைக்குறைவும் ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது, இடதுசாரிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். படித்துவிட்டு நானும் அவர்கள் பக்கம்தான் நின்றேன். கூலிக்காகச் சங்கமாகச் சேர்ந்து நின்றவர்கள் என்பதால் நடந்த கொலை அது. அதை ஒரு மனிதரின் உடல் சார்ந்த தாழ்வு மனப்பான்மைக்குக் கொண்டுபோனால், அப்படிப் பிரச்சினை இல்லாத நிலச்சுவான்தார் நல்லவராக இருந்திருப்பாரா என்ற கேள்வி வருகிறது, நாவலிடம் அதற்குப் பதில் இல்லை. விருது வாங்கிய நாவல், பெரிய எழுத்தாளர் என்பதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கத் தடையாக இருக்கக் கூடாது.

பழைய நாவலை இன்றைய கண்ணோடு படிக்கலாமா என்று ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. வேறு யார் கண்ணோடு படிக்க முடியும்? படியுங்கள், கோபம் வந்தால் கோபத்தை எழுதுங்கள். ஆனால் அதே கேள்வியை நாவலே ஏற்கெனவே கேட்டிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் சிறுகதை 1966-இல் விகடனில் வந்தது. மழையில் ஒருவனுடைய காரில் ஏறிய மாணவி கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள், அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். அந்த அம்மா அப்படி மன்னிக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் எழுதியதுதான் சில நேரங்களில் சில மனிதர்கள். அந்தச் சிறுகதையே நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது, நாயகி கங்கா அதைப் படிக்கிறாள். தன்னைக் கெடுத்த பிரபுவையே கங்கா பின்னால் தேடிப் போய்ப் பழகுவது எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத விஷயம், எத்தனை முறை யோசித்தாலும் அப்படித்தான் இருக்கிறது. அதே சமயம், படிக்கவைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அவளிடம் கையை நீட்டுகிற வெங்கு மாமாவை அந்த நாவல் காட்டியிருக்கிற விதத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இந்த இரண்டு கருத்தும் எனக்கு ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒன்றை விட்டுக்கொடுத்து நாவலுக்கு நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த வேண்டிய அவசியமில்லை.

இனி எழுதுவது. நாவலை முடித்த அன்றே, விமர்சனம் ஒன்றையும் தேடுவதற்கு முன்பு, ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். மறுநாள் மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள், உங்கள் எண்ணம் மாறினால் மாற்றி எழுதுங்கள், ஆனால் முதலில் எழுதியதை அழிக்காதீர்கள், தேதி போட்டு வையுங்கள். "இந்த நாவல் ஓர் அற்புதமான படைப்பு, அனைவரும் வாசிக்க வேண்டும்" என்று தொடங்கினால் அது எந்த நாவலுக்கும் பொருந்தும். "அலங்காரத்தம்மாளை விட அவள் கணவர் தண்டபாணிதான் என்னைத் தொந்தரவு செய்தார், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் அந்த வீட்டில் எப்படி இருந்தார்?" என்று தொடங்கினால் தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் படித்த எவரும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். முடிவைச் சொல்லப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒரு வரியில் எச்சரித்துவிடுங்கள். மாதொருபாகனின் கடைசிப் பக்கத்தைப் பற்றி எழுதும்போது இது ரொம்ப அவசியம், காளி செத்தான் என்று வைத்து ஒன்றும் பிழைத்தான் என்று வைத்து ஒன்றுமாக ஆலவாயன், அர்த்தநாரி என்று இரண்டு நாவல்கள் அதன் தொடர்ச்சியாக இருக்கின்றன.

எழுதிய பிறகு "இதெல்லாம் உனக்குப் புரிகிற வயசில்லை" என்று யாராவது சொல்வார்கள். கோபப்படாமல், எந்த இடத்தை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று கேளுங்கள். இடத்தைச் சொன்னால் போய்ப் படித்துப் பாருங்கள், சில நேரம் அவர்கள் சொல்வது சரியாக இருக்கும். இடத்தைச் சொல்லாவிட்டால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், அம்மா வந்தாள். சின்ன நாவல், 1966-இல் வந்தது, நாலைந்து நாளில் முடித்துவிடலாம், கருத்து சொல்ல வேண்டிய இடங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. அடுத்து மாதொருபாகன். பொன்னியின் செல்வனை இவற்றோடு பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுங்கள், பாதியில் நிறுத்தினாலும் எந்த அத்தியாயத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள், அதுவும் ஒரு கருத்துதான்.