பச்சையில் செதுக்கி, காய்ந்தபின் மாட்டுங்கள்: மம்பட்டிக் கணை

என் முதல் கணையை, அதாவது மம்பட்டியின் மரக் கைப்பிடியை, மரம் வெட்டிய அன்றே செதுக்கி, அன்றே மாட்டினேன். மூன்றாவது வாரம் வரப்பு வெட்டும்போது மம்பட்டித் தகடு கழன்று பறந்து, சித்தப்பா காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. செதுக்கியதில் தப்பில்லை, மாட்டியதில்தான் அவசரம்.

மரம் நாட்டுக் கருவேலம். காய்ந்துவிட்டால் உளியின் வாயை மழுக்கிவிடும். வெட்டி இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் மரம் செதுக்கும் வாச்சிக்கு வாகாக இருக்கும். தொடை கனத்தில், மூன்று அடி நீளத்தில், முடிச்சில்லாத துண்டு போதும். பட்டையில் ஓடும் வெடிப்புகளைப் பாருங்கள். நேராக ஓடினால் உள்ளே நாரும் நேர். முறுக்கிக்கொண்டு போனால் அது அடுப்புக்கு.

ரம்பம் போட்டால் நார் குறுக்கே அறுபட்டுப் போகலாம், கணை அந்த இடத்தில்தான் முறியும். கோடாலியால் வாய் பிளந்து, ஆப்பு இறக்கி, முதலில் இரண்டாக, அப்புறம் நாலாகப் பிளந்துகொள்ளுங்கள். பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கினால், கனமான பக்கத்தை அழுத்தி வளையுங்கள். பிளவு அந்தப் பக்கம் திரும்பும். இது கைக்குப் பிடிபடுவதற்குள் நாலு கட்டையை வீணாக்கினேன்.

மரத்தின் நட்டநடுக் குருத்து வெடிக்கும், பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியான வெளிறு உளுத்துப்போகும். இரண்டையும் வாச்சியால் செதுக்கித் தள்ளிவிட்டு இடையில் உள்ள கெட்டியான கருத்த மரத்தை, அதாவது வைரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அடிக்காது என்பார் சித்தப்பா. சரி, அவர் நிலாவைப் பார்க்கட்டும். நான் வெளிறைப் பார்க்கிறேன்.

காயும்போது நீளம் குறைவது கண்ணுக்கே தெரியாது, குறுக்கேதான் சுருங்கும். மரத்தின் ஆண்டு வளையம் ஓடும் திசையில், நடுவிலிருந்து பட்டைப் பக்கம் போகும் திசையைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகச் சுருங்குவதால், உருண்டையாகச் செதுக்கியது முட்டை வடிவாகிவிடும். மம்பட்டியின் துளை 4 செ.மீ. என்றால் கணையின் தலையை 4.5 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள்.

இரண்டு முனையிலும் சாணம் பூசி நிழலில் போடுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் வெடிப்பு விழும். இரண்டு மூன்று மாதம் ஆகும். நான் நாளை எண்ணுவதில்லை. வாரம் ஒருமுறை தராசில் வைப்பேன். இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

அப்புறம் தலையைத் துளைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி இறுக்கி, காய்ந்த மரத்தில் செய்த ஆப்பு அடியுங்கள். கைபடும் இடத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வேப்பெண்ணெய் தடவினால் போதும்.

பின்னால் ஆட்டம் கொடுத்தால் மம்பட்டியை வாய்க்காலில் ஊறப்போடாதீர்கள். ஊறிப் பருத்த மரம் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். புது ஆப்பு ஒன்று அடித்தால் தீர்ந்தது.